உன் கலியாணத்துக்கு நான் வந்த விதம்

மகன்,

மன்னார் பஸ் நிலையத்தில் நான் இறங்கியபோது நீ முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், பஸ்ஸின் படியைத்தான் பார்த்தாய். தங்கச்சியைத் தூக்கி இறக்குவதற்கு இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தாய். மாமாவும் இறங்கி, பஸ்ஸும் நகர்ந்த பிறகுதான் உன் கைகள் கீழே போயின. "அம்மா, சுபா எங்க? ஆரோட விட்டிட்டு வந்தனீங்க?" என்று கேட்டாய். நாளைக்குக் கலியாணம் முடிக்கப்போகிறவனின் முகத்தில் அவ்வளவு பயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. "நல்ல இடத்தில இருக்கிறா. ஆறுதலா சொல்லுறன்" என்றேன். ஆனால் ஆற அமர இருந்து சொல்ல அந்த இரண்டு நாளும் இடம் கிடைக்கவில்லை. சம்பந்தி வீட்டார், சமையல், படமெடுக்கிறவர்கள் என்று உன்னைச் சுற்றி எப்போதும் பத்துப் பேர் நின்றார்கள். அதனால்தான் எழுதுகிறேன். சுபாவைப் பார்த்துக்கொண்ட பராமரிப்பு நிலையத்தார், மற்றத் தாய்மாரும் வாசிக்கட்டும், ஒரு பிரதி தருவீர்களா என்று கேட்டார்கள். நான் சம்மதித்துவிட்டேன். ஆகவே உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

கலியாணத்துக்கு நாள் வைத்த அன்று, மன்னாரில் வேலை செய்யும் இடத்திலிருந்து நீ தொலைபேசியில் சொன்னதை நான் மறக்கவில்லை. "அம்மா, நீங்க கஷ்டப்பட வேண்டாம். மன்னார் வரைக்கும் சுபாவைக் கொண்டு வர ஏலாது. நீங்க அவவோட நில்லுங்க. மாமா வந்து தாய் தகப்பன் முறை செய்யட்டும். முடிஞ்ச உடன நானும் ஷாமினியும் வந்து உங்களைக் கும்பிடுறம்." உன் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கவலை இருந்திருந்தாலும் தாங்கியிருப்பேன். ஒன்றும் இருக்கவில்லை. மழை வரும், குடை எடுங்கள் என்று சொல்வதுபோலச் சொன்னாய். அம்மா வரமாட்டா என்று நீ எப்போதோ உன்னைப் பழக்கிவைத்துவிட்டாய் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் முதலிடம் வந்து, பரிசளிப்பு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டாயே, அன்றைக்குத் தொடங்கியிருக்கும். அன்று சுபாவுக்கு வலிப்பு வந்தது. நான் வரவில்லை. நீ கிண்ணத்தைக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் தங்கச்சியின் துணிகளை அலசப் போனாய். "என்ன பேசினனீ?" என்றுகூட நான் கேட்கவில்லை. இன்றைக்கும் எனக்கு அது தெரியாது.

சுபாவுக்கு இப்போது இருபத்தாறு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறியதால் மூளையில் வந்த பாதிப்பு. நடக்க, கதைக்க ஏலாது. தானாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் திரும்பவும் ஏலாது. கண்ணால் கதைப்பாள், சத்தத்தால் கதைப்பாள், சிரித்தால் வீடு முழுவதும் கேட்கும். அவளைக் குளிப்பாட்டி, சோற்றைக் கரைத்து ஊட்டி, நாளுக்கு எத்தனையோ தடவை புரட்டிப் படுக்கவைத்து, என் நாரியெலும்பும் தோளும் தேய்ந்துபோயின. ஓர்ஸ் ஹில் வீட்டுக் கொடியில் துணி காயப்போடும்போது துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் தெரியும். உன் அப்பா வேலை செய்த இழுவைப் படகும் தெரியும். பத்து நிமிடத்தில் நடந்து இறங்கக்கூடிய அந்தக் கடலில் கால் வைத்து எத்தனை வருடம் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரியாமல் நின்றிருப்பேன்.

அப்பாவின் செத்தவீட்டில் நான் செய்த ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். உனக்குப் பதினைந்து வயது. கொள்ளி வைத்துவிட்டு மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்திருந்தாய். "இனி இந்தப் பிள்ளைய வச்சுக்கொண்டு என்ன செய்யப்போறாய்?" என்று சொந்தக்காரர் கேட்டார்கள். நான் உன் தலையில் கையை வைத்து, "எனக்கென்ன குறை? என்ர மகன் இருக்கிறான். எனக்குப் பிறகு தங்கச்சியை அவன் பார்ப்பான்" என்றேன். எல்லோரும் உன்னைப் பார்த்து, "நல்ல பிள்ளை" என்றார்கள். நீ தலையை ஆட்டினாய். உன்னிடம் யாருமே கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அதே வசனத்தைக் கோயிலில், கிளினிக்கில், பக்கத்து வீட்டில் எங்கும் சொன்னேன். எனக்கு அது தைரியம் தந்தது. உனக்கு என்ன தந்தது என்று யோசிக்கவில்லை. கண்டிப் பக்கம் பல்கலைக்கழகம் கிடைத்தபோது வாயால் "போ மகன்" என்றேன். ஆனால் உன் பெட்டியில் ஒரு சட்டையைக்கூட நான் மடித்து வைக்கவில்லை. மூன்று நாள் அழுத கண்ணோடு திரிந்தேன். நாலாம் நாள் நீ, "நான் இங்கயே ஒரு டிப்ளோமா செய்யிறன் அம்மா" என்றாய். நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் தொலைபேசிக்குப் பிறகு ஒரு முடிவு எடுத்தேன். இந்தக் கலியாணத்துக்கு எப்படியும் போவது. அதற்கு நாலு நாள் சுபாவை யாராவது பார்க்க வேண்டும். சொந்தத்தில் கேட்டேன். எல்லோரும் அவளில் இரக்கமானவர்கள்தான். ஆனால் வலிப்பு என்றவுடன், "பயமாக்கிடக்கு" என்றார்கள். குற்றம் சொல்ல மாட்டேன், எனக்கும் முதலில் பயமாகத்தான் இருந்தது. கிராம உத்தியோகத்தரிடம் போனேன். அவர் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினார். அங்கே சமூக சேவைப் பிரிவில் இருந்த பிள்ளைக்கு உன் வயதுதான் இருக்கும். கோப்பை விரித்து வைத்துக்கொண்டு, "சுபாவுக்கு மாதாந்தக் கொடுப்பனவு வருது, சக்கர நாற்காலி குடுத்திருக்கு. இப்ப என்ன வேணும் அம்மா?" என்று கேட்டாள். "எனக்கு நாலு நாள் வேணும்" என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தினேன். பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, இந்தப் படிவத்தில பிள்ளையைப் பற்றித்தான் கேள்வி இருக்கு. பிள்ளையைப் பார்க்கிற ஆளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்ல. நானும் இப்பதான் கவனிக்கிறன்." நிரந்தரமாக ஒரு இல்லத்தில் சேர்க்கலாம் என்றாள். போய்விட்டுத் திரும்பி வருவதற்கு மட்டும் வழியில்லை. வாசலில் செருப்பைப் போடும்போது எனக்கு அழுகை வந்தது.

வழி சொன்னது ஹபீபா. நீ அவளைப் பார்த்ததில்லை. கிண்ணியாக்காரி. புருஷன் பக்கவாதத்தில் விழுந்து ஐந்து வருடம் படுக்கை. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிக்குக் கொண்டுவரும் நாட்களில் நீட்டு வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பழக்கம். என் கதையைக் கேட்டுவிட்டு, "அக்கா, போன வருஷம் என்ட கண்ணில புரை வெட்டினாங்களே, அப்ப அவரை எங்க விட்டன் எண்டு நினைக்கிறீங்க?" என்றாள். உப்புவெளிப் பக்கம் ஒரு நிலையம் இருக்கிறதாம். அங்கே இரண்டு கட்டில்களை எங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்திருக்கிறார்களாம். பராமரிக்கிறவர் ஓய்வெடுக்க, வைத்தியம் பார்க்க, எங்காவது போய்வர, வருடத்தில் சில நாள் நோயாளியை அங்கே விடலாம். செலவை ஒரு நலநிதி ஏற்கிறது, வீட்டாரிடம் ஒன்றும் வாங்குவதில்லை. "ஏன் ஒருத்தரும் சொல்லேல்ல?" என்று கேட்டேன். "நாம கேட்டாத்தானே அக்கா. நாம கேக்கிறதெல்லாம் மருந்தும் மெத்தையும்தான். எனக்கு ஏலாமக் கிடக்கு எண்டு எப்பயாவது வாயைத் திறந்தனீங்களா?" என்றாள். திறக்கவில்லை. திறந்தால் என் பிள்ளையைப் பாரம் என்று சொன்னதாகிவிடும் என்று பயந்திருந்தேன்.

அந்த நிலையத்தின் படிவத்தில் என்னைப் பற்றிக் கேள்வி இருந்தது. ஓய்வு எதற்காகத் தேவை என்று கேட்டிருந்தார்கள். "மகனின் கலியாணம்" என்று எழுதினேன். அதற்குக் கீழே, உங்களுக்குப் பிறகு இவரைப் பராமரிக்கப்போவது யார் என்று இருந்தது. பழக்கத்தில் உன் பெயரின் முதலெழுத்தைப் போட்டுவிட்டேன். பிறகு பேனை நகரவில்லை. அங்கே பொறுப்பாக இருக்கும் அம்மா, "என்ன, பெயர் மறந்துபோச்சா?" என்று சிரித்தார். "இல்லை. அவனிட்ட இன்னும் கேக்கேல்ல" என்றேன். "அப்ப வெறுமையா விடுங்கோ. கேட்டிட்டு வந்து எழுதலாம்" என்றார். அந்த இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது.

ஒரு நிபந்தனை இருந்தது. நாலு நாள் விடுவதற்கு முன்னால் ஒரு முழுப் பகல் விட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பகலில் தாய் கண்ணில் படக் கூடாது. முதல் தடவை காலையில் முச்சக்கர வண்டியில் கொண்டுபோய் விட்டேன். ஜெசிந்தா என்று ஒரு பெண், நல்ல கனத்த கை, அவளை வாங்கிக்கொண்டாள். நான் வெளியே வந்தேன், வீட்டுக்குப் போகவில்லை. மதிலோரமாக நின்றேன். ஒரு மணித்தியாலம்கூட ஆகியிருக்காது, சுபா கத்தும் சத்தம் கேட்டது. வலிப்புச் சத்தம் இல்லை, கோபச் சத்தம். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கேற்றைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். உள்ளே ஜெசிந்தா அவளோடு சமாதானம் பேசிக்கொண்டிருந்தாள், சுபா பாதிக்கு மேல் அடங்கியிருந்தாள். என்னைக் கண்டதும் திரும்பத் தொடங்கினாள். இந்தத் தடவை நிறுத்தவே இல்லை. நான் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பொறுப்பாளர் வாசல் வரைக்கும் வந்து, "அம்மா, அவ அழுதது பத்து நிமிஷம். நீங்கதான் பழுதாக்கினீங்க" என்றார். எனக்கு ரோஷம் வந்தது. வீட்டுக்கு வந்து, எனக்கு இது சரிவராது, மகன் சொன்னதுபோலவே இருந்துவிடுவோம் என்று தீர்மானித்து, கலியாணத்துக்கு எடுத்த சேலையைத் திரும்பவும் பெட்டியின் அடியில் வைத்தேன்.

ஹபீபாதான் விடவில்லை. இன்னொரு நாள் கேட்டு வாங்கினாள். தன் புருஷனைப் பார்க்க மூத்த மகளை இருத்திவிட்டு, காலையிலேயே எங்கள் வீட்டுக்கு வந்து நின்றாள். சுபாவை விட்டுவிட்டு வெளியே வந்ததும் என் கைத்தொலைபேசியை வாங்கித் தன் பைக்குள் போட்டாள். "அடிச்சா நான் எடுப்பன். நீங்க பஸ்ஸில ஏறுங்க" என்றாள். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஏறியபோதுதான் சுற்றிலும் பார்த்தேன். நான் கட்டைபறிச்சானிலிருந்து கலியாணம் முடித்து வந்த காலத்தில் இந்த இடத்தில் பாலம் இல்லை. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு, 'பாதை' என்று சொல்லும் தட்டைப் படகு மெல்ல மெல்ல ஊர்ந்து போகும். அதில் நின்று உன் அப்பா எனக்கு நாவற்பழம் வாங்கித் தந்தார். நாக்கு ஊதாவாகி, மாமியாருக்கு முன்னால் வாயே திறக்காமல் போய் இறங்கினேன். அதை நினைத்து பஸ்ஸுக்குள் சிரித்தேன். அந்தப் பெண் எங்கே போனாள் மகன்? பழத்துக்காகச் சிரித்த அந்தப் பெண்ணைத் தேடி யாராவது எப்போதாவது போனார்களா? நானே போகவில்லையே.

ஹபீபா வீட்டில் கதிரையில் இருந்தேன். அவள் மீன் பொரித்துச் சோறு போட்டாள். சூடாகச் சாப்பிட்டேன். ஊட்டிவிட்டு, மிச்சத்தை ஆறிய பிறகு விழுங்குவதுதான் என் பழக்கம். அன்று சூடு நாக்கில் பட்டதும் கண் கலங்கியது. "உறைப்பா அக்கா?" என்றாள். "ஓம்" என்றேன். அவளுக்குத் தெரியாதா என்ன? அவளும் தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். பிறகு மெதுவாக, "ஒரு நாள் நான் அவருக்கு அடிச்சிருக்கன் அக்கா. சோத்தைத் துப்பினார், கன்னத்தில ஒண்டு போட்டன். அவருக்குத் திருப்பி அடிக்கவும் ஏலாது, ஆரிட்டயும் சொல்லவும் ஏலாது. அதுக்குப் பிறகுதான் இந்த இடத்தைத் தேடிப் போனன்" என்றாள். நான் அவளுடைய கையைப் பிடித்தேன். நான் சுபாவுக்கு அடித்ததில்லை. ஆனால் ஒரு நாள், நீ வேலைக்குப் போன பிறகு, அவள் கத்தக் கத்த குசினிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே காதைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். இதை உனக்கு இப்போதுதான் சொல்கிறேன். பின்னேரம் போய்ப் பார்த்தபோது சுபா ஜன்னலோரம் படுத்திருந்தாள். என்னைக் கண்டு முறைத்தாள். அழவில்லை. பொறுப்பாளர் நாலு நாளுக்கும் கையெழுத்துப் போட்டார்.

ஜெசிந்தா ஒரு கொப்பி கேட்டாள். பிள்ளையின் பழக்கங்களை எழுதித் தரச் சொன்னாள். எழுத உட்கார்ந்தேன். நாக்கைப் பக்கவாட்டில் தட்டினால் தண்ணீர். இடக்கண் மட்டும் சிமிட்டினால் வயிறு சரியில்லை. மஞ்சள் உடுப்பு பிடிக்காது. சோற்றில் முருங்கைக்கீரை வாசம் வந்தால் வாய் திறக்கமாட்டாள். வலிப்புக்கு முன்னால் ஒரு நிமிடம் ஆளையே ஊடுருவிப் பார்ப்பாள். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது, பதினாலு பக்கம். முடித்துவிட்டுப் பேனையை மூடும்போது ஒரு எண்ணம் வந்தது. இதேபோல ஷாமினி என்னிடம் வந்து, "மாமி, உங்கட மகனைப் பற்றி எழுதித் தாங்கோ" என்று கேட்டால் என்ன எழுதுவேன்? நல்ல பிள்ளை, கெட்டிக்காரன், பொறுமைசாலி. பிறகு? உனக்கு எந்த நிறம் பிடிக்கும்? கோபம் வந்தால் என்ன செய்வாய்? எதற்குப் பயப்படுவாய்? ஒரு பக்கம்கூடத் தேறாது மகன். வேலைக்கு மன்னார் போகும் வரைக்கும் ஒரே வீட்டில் இருந்த பிள்ளை. நீ ஒன்றும் கேட்காததால் உனக்கு ஒன்றும் தேவையில்லை என்று நினைத்துவிட்டேன்.

உன் கலியாணத்துக்கு வரும்போது, வவுனியா தாண்டி, அந்த நீண்ட பாதையெல்லாம் மாமா தூங்கிக்கொண்டு வந்தார். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தேன். மடி வெறுமையாக இருந்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கலியாணத்தன்று காலையில் ஷாமினியின் தாய் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தார். உன்னுடையதை மட்டும் தனியாக எடுத்து வைத்து, "மருமகனுக்குச் சீனி இல்லை" என்றார். நீ எப்போது சீனியை விட்டாய்? எனக்குச் சுருக்கென்றது. பொறாமைதான், மறைக்க மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய ஏக்கம் ஒன்று. மணவறையில் உனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உன் காதுக்குப் பின்னால் இருக்கும் மச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்னப்பிள்ளையில் அதைத் தடவினால்தான் தூங்குவாய். சுபா பிறக்கும் வரைக்கும் நாலு வருடம் நீ முழுக்க முழுக்க என்னுடையவன். அதற்குப் பிறகு உன்னை நான் தடவவே இல்லையோ? தாலி கட்டும்போது மேளச் சத்தத்தில் நான் அழுதது உனக்குக் கேட்டிருக்காது. எல்லோரும் ஆனந்தக் கண்ணீர் என்றார்கள். பாதிதான் ஆனந்தம்.

நாலாம் நாள் பின்னேரம் சுபாவைக் கூட்டிவரப் போனேன். நாலு நாளில் ஒரு சின்ன வலிப்புத்தான் வந்திருக்கிறது. கொப்பியில் நான் எழுதியபடியே ஜெசிந்தா முன்கூட்டிப் பிடித்திருக்கிறாள். சுபா என்னைக் கண்டதும் சிரிப்பாள் என்று நினைத்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்தும் இரண்டு நாள் என்னோடு கோபம். மூன்றாம் நாள் உன் கலியாணப் படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, "ஆர் இது?" என்றேன். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஒரு சிரிப்பு. அவள் என்னை மன்னித்துவிட்டாள். கோபிக்கத் தெரிந்தவர்கள் மன்னிக்கவும் தெரிந்தவர்கள். நீ கோபிக்கவே இல்லையே மகன், அதுதான் எனக்குப் பயம்.

ஆகவே செத்தவீட்டில் உன் தலையில் வைத்த கையை நான் எடுத்துக்கொள்கிறேன். சுபாவுக்கு நீ அண்ணன். அண்ணனாக இருந்தால் போதும். எனக்குப் பிறகு அவளுக்கு என்ன வழி என்று நானும் பொறுப்பாளரும் அந்தச் செயலகத்துப் பிள்ளையும் சேர்ந்து தேடத் தொடங்கியிருக்கிறோம். நீ விரும்பினால், ஷாமினியோடு கதைத்து, உன்னால் எவ்வளவு முடியும் என்று ஒரு நாள் சொல். கொஞ்சம் என்றாலும் சரி, ஒன்றும் ஏலாது என்றாலும் சரி. உன் வீட்டிலும் ஒரு நாள் யாராவது படுக்கையில் விழலாம். அப்போது ஒருத்தரே எல்லாவற்றையும் தூக்குவதை அன்பு என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடாதே. ஷாமினி தூக்கினால் அவளிடமிருந்து வாங்கு. நீ தூக்கினால் வெளியே போய்க் கேள். கேட்க எனக்கு இருபத்தாறு வருடம் பிடித்தது.

நேற்று நிலையத்திலிருந்து செய்தி வந்தது. அடுத்த மாதம் எனக்கு இன்னும் மூன்று நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். இந்தத் தடவை கலியாணம் இல்லை, செத்தவீடு இல்லை, வைத்தியமும் இல்லை. காரணம் என்ற இடத்தில், "மகனோடு இருக்க" என்று எழுதினேன். பொறுப்பாளர் வாசித்துவிட்டு முத்திரை குத்தினார். ஆனால் உன்னிடம் கேட்காமல் எழுதிவிட்டேன், பார், பழைய குணம். புதுக் குடும்பம், சின்ன வீடு, உனக்கு வேலையும் இருக்கும். வசதியில்லை என்றால் ஒளிக்காமல் சொல், கோபிக்க மாட்டேன். வசதி என்றால், உனக்கு முன்னால் இருந்து, நீ கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வேறொன்றும் செய்ய மாட்டேன்.

நான் வரட்டுமா மகன்?

அம்மா